டேப்லெட்டுக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் நடுவே ஒரு விரல் நீள ஒயர்: ஆப்பிள் யூஎஸ்பி-சி 3.5 மி.மீ. அடாப்டர்

பார்வைக்கு ஒன்றுமே இல்லை. ஒரு முனையில் யூஎஸ்பி-சி பிளக், மறுமுனையில் 3.5 மி.மீ. ஹெட்போன் துளை, நடுவே மெல்லிய வெள்ளை ஒயர். அமெரிக்காவில் 9 டாலர். ஆப்பிள் கடையில் விலைச்சீட்டைப் பார்த்து யாரும் பெருமூச்சு விடாத பொருட்கள் மிகச் சில. அதில் இது ஒன்று. டேப்லெட்டை வீட்டு ஆம்ப்ளிஃபையரிலோ பவர்டு ஸ்பீக்கரிலோ (உள்ளேயே ஆம்ப் உள்ள ஸ்பீக்கர்) இணைக்க நினைப்பவர் பத்தாயிரம், இருபதாயிரம் என்று யோசிப்பதற்கு முன் வாங்கிப் பார்க்க வேண்டியது இதைத்தான். ஐபேட் வைத்திருந்தால் யோசிக்காமல் வாங்கலாம். ஆண்ட்ராய்டு டேப்லெட் என்றால் ஒரு வில்லங்கம் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

முதலில், இது உங்களுக்குத் தேவையா என்று பாருங்கள். லைட்னிங் துளை உள்ள எல்லா ஐபேடிலும் ஹெட்போன் ஜாக் தனியாகவே உண்டு. 2021இல் வந்த ஒன்பதாம் தலைமுறை ஐபேட் வரை அப்படித்தான். அவற்றை வைத்திருப்பவர்களுக்கு அடாப்டரே வேண்டாம், ஜாக்கிலிருந்து ஆம்புக்குப் போகும் ஒரு ஆக்ஸ் கேபிள் போதும். சாம்சங்கின் டேப் ஏ8, டேப் எஸ்6 லைட் போன்றவற்றிலும் ஜாக் இருக்கிறது. ஜாக் இல்லாமல் யூஎஸ்பி-சி மட்டும் வந்தது 2018 ஐபேட் ப்ரோவிலிருந்து. பிறகு 2020இல் ஐபேட் ஏர், 2021இல் மினி, 2022இல் சாதாரண ஐபேட் என வரிசையாக எல்லாம் அந்த வழிக்கு வந்துவிட்டன. சாம்சங்கின் எஸ் வரிசையில் டேப் எஸ்4தான் ஜாக்கோடு வந்த கடைசி மாடல். எஸ்6 லைட் மட்டும் விதிவிலக்கு. இந்த அடாப்டர் ஜாக் இல்லாதவர்களுக்கு.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் இதே வடிவத்தில் நூறு, நூற்றைம்பது ரூபாய்க்கும் கிடைக்கிறதே என்று கேட்கலாம். அவற்றில் ஒரு பகுதி வெறும் ஒயர்தான். உள்ளே சிப்பே கிடையாது. சில பழைய போன்கள் யூஎஸ்பி-சி துளை வழியாகவே அனலாக் ஒலியை வெளியே விட்டன; அந்தப் போன்களுக்காகச் செய்தவை அவை. ஐபேட் அப்படி அனலாக் ஒலியை வெளியே விடுவதில்லை, சாம்சங்கின் இன்றைய டேப்லெட்டுகளும் விடுவதில்லை. வெறும் ஒயர் அடாப்டரைச் செருகினால் டேப்லெட் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. பாட்டு அதன் சொந்த ஸ்பீக்கரிலேயே ஓடிக்கொண்டிருக்கும். கெட்டுப்போன பொருள் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம், அது வேறு வகைப் பொருள். கேட்டு வாங்க வேண்டியது ‘டிஏசி உள்ள அடாப்டர்’. எண்களாக வரும் ஒலியை மின் அலையாக மாற்றும் சிப்புக்குத்தான் டிஏசி என்று பெயர். ஆப்பிள் அடாப்டரின் பிளக் முனைக்குள் அது இருக்கிறது.

எண்கள் என்ன சொல்கின்றன

இந்த அடாப்டர் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வரை தரும். சிடியின் தரம் 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ். ஆக, சிடியில் உள்ளதை எதுவும் குறைக்காமல் கொடுத்துவிடும். 96, 192 கிலோஹெர்ட்ஸ் கோப்புகளை டேப்லெட்டே 48க்கு இறக்கி அனுப்பும். ஆப்பிள் மியூசிக்கில் ‘ஹை-ரெஸ் லாஸ்லெஸ்’ என்று வரும், தரம் இழக்காத ஒலியை முழு எண்ணிக்கையில் கேட்க வேண்டும் என்று பிடிவாதம் இருந்தால் இது போதாது. அந்த வித்தியாசத்தைக் காதால் பிரித்தறிவது மிகக் கடினம் என்பது இந்த விமர்சனத்தின் கருத்து. மாற்றுக் கருத்துள்ளவர்கள் ஏற்கெனவே பெரிய டிஏசி வாங்கியிருப்பார்கள்.

இதைவிட முக்கியமான எண் வோல்ட். இந்த அடாப்டரில் இரண்டு மாடல் உண்டு. ஏ2049 என்பது உச்சத்தில் 1 வோல்ட் தரும். ஐரோப்பாவில் விற்கும் ஏ2155, அங்குள்ள ஒலியளவு வரம்புக்காக 0.5 வோல்ட்டிலேயே நின்றுவிடும். வித்தியாசம் 6 டெசிபல். மாடல் எண் அடாப்டரின் மேலேயே பொடி எழுத்தில் இருக்கும். போன் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தால்தான் படிக்க முடியும். வெளிநாட்டிலிருந்து உறவினர் வாங்கி வந்தது என்றால் கட்டாயம் பாருங்கள்.

ஆம்ப்ளிஃபையருக்கு இது பெரிய குறை இல்லை. வீட்டு ஆம்ப்களின் ஆக்ஸ், சிடி துளைகள் பெரும்பாலும் 0.15 முதல் 0.25 வோல்ட்டிலேயே முழுத் திறனுக்குப் போய்விடக்கூடியவை. 0.5 வோல்ட்டே தாராளம். சிடி பிளேயர்கள் 2 வோல்ட் தருவதால், அதோடு ஒப்பிட்டால் சத்தம் குறைவாகத் தெரியும். ஆம்பின் குமிழைக் கொஞ்சம் கூடுதலாகத் திருப்ப வேண்டியிருக்கும், அவ்வளவுதான். நேரடியாக ஹெட்போனில் கேட்பவருக்குத்தான் ஏ2155 இடிக்கும். 32 ஓம் ஹெட்போனில் 1 வோல்ட் என்றால் சுமார் 31 மில்லிவாட், தேவைக்கு மேல். 300 ஓம் ஸ்டுடியோ ஹெட்போனில் அதே 1 வோல்ட் வெறும் 3.3 மில்லிவாட். அதையும் பாதி வோல்ட் ஆக்கினால் 0.8 மில்லிவாட். தாழ்ந்த ஒலியில் பதிவான பழைய கச்சேரிகள் அதில் முனகலாகவே கேட்கும்.

அடாப்டரின் வெளியீட்டு மின்தடை 1 ஓமுக்கும் சற்றுக் கீழே. இதன் பலன் கேபிள் நீளத்தில் தெரியும்: அறையின் ஒரு மூலையில் டேப்லெட், எதிர் மூலையில் ஆம்ப் என்று 5 மீட்டர் கேபிள் இழுத்தாலும் உயர் அலைகள் மங்காது. நீட்ட வேண்டுமானால் ஆடியோ கேபிளை நீட்டுங்கள், யூஎஸ்பி பக்கத்தை நீட்டாதீர்கள். யூஎஸ்பி-சி எக்ஸ்டென்ஷன் ஒயர்கள் யூஎஸ்பி விதிமுறையிலேயே இல்லாத பொருள். ஒன்றில் வேலை செய்யும், ஒன்றில் பாட்டு நடுவில் விட்டுவிட்டு வரும்.

இணைக்கும் முறை

தேவைப்படும் கேபிள்: ஒரு முனையில் 3.5 மி.மீ. ஸ்டீரியோ பின், மறுமுனையில் சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு ஆர்சிஏ பின். 3.5 பின்னில் இரண்டு கறுப்பு வளையம் இருக்க வேண்டும். ஒரே வளையம் இருந்தால் அது மோனோ. அது வலது சேனலைத் தரையோடு (கிரவுண்ட் கம்பி) சேர்த்துவிடும். மூன்று வளையம் இருந்தால் அது மைக்கோ வீடியோவோ சேர்ந்த கேபிள். பழைய கேம்கோடர்களோடு வந்த மஞ்சள், சிவப்பு, வெள்ளை கேபிளை எடுத்து மாட்டுவது வழக்கமான தவறு; அதில் தரை வேறு வளையத்தில் இருக்கும், பாட்டுக்குப் பதில் ஒரு பக்கம் மட்டும் அல்லது வெறும் இரைச்சல் வரும்.

ஆம்ப் அணைந்திருக்கும்போதே கேபிளை மாட்டுங்கள். ஆக்ஸ், சிடி, டேப், டியூனர் இவற்றில் எதில் வேண்டுமானாலும் செருகலாம். எல்லாம் ஒரே மாதிரிதான். ‘போனோ’ என்று எழுதிய துளையில் மட்டும் கூடாது. அது ரெக்கார்ட் பிளேயரின் ஊசியிலிருந்து வரும் சில மில்லிவோல்ட்டை நூறு மடங்கு பெரிதாக்குவதற்காக வைத்தது. போதாததற்குக் கீழ் ஸ்தாயியை ஏற்றி மேல் ஸ்தாயியை இறக்கவும் செய்யும். அதில் 1 வோல்ட்டை விட்டால் ஸ்பீக்கர் கிழிந்தது போல் அலறும். எழுபது, எண்பதுகளின் ஆம்ப்களில் ஆர்சிஏவுக்குப் பதில் ஐந்து பின் டின் சாக்கெட் இருக்கலாம். டேப் சாக்கெட்டாக இருந்தால் பாட்டு உள்ளே போக வேண்டிய பின்கள் 3 (இடது), 5 (வலது), தரை 2. பின்னில் எண் போட்டிருக்கும். வரிசை 1, 4, 2, 5, 3 என்று போகும் என்பதால் எண்ணிப் பார்க்காமல் எண்ணைப் படித்துப் பற்றவையுங்கள்.

பவர்டு ஸ்பீக்கர் என்றால் இன்னும் சுலபம். எடிஃபையர் ஆர்1280டி போன்றவற்றின் முதுகில் இரண்டு ஜோடி ஆர்சிஏ உண்டு. ஒன்றில் டிவி, ஒன்றில் டேப்லெட் என்று நிரந்தரமாக விட்டுவிடலாம்.

அடுத்து வால்யூம். டேப்லெட்டின் வால்யூமை முழுவதும் ஏற்றிவிட்டு, சத்தத்தை ஆம்பின் குமிழில் கட்டுப்படுத்துவதே முறை. டேப்லெட்டில் பாதி வைத்து ஆம்பில் முக்கால் திருப்பினால், பாட்டோடு ஆம்பின் உள்ளிரைச்சலும் சேர்ந்து ஏறும். தம்புரா மட்டும் ஒலிக்கிற ஆலாபனைத் தொடக்கத்தில் அந்த ‘ஸ்ஸ்’ நன்றாகவே கேட்கும். மலிவான 2.1 கம்ப்யூட்டர் ஸ்பீக்கர்கள் விதிவிலக்கு. அவற்றின் உள்ளீடு 1 வோல்ட்டைத் தாங்காமல், குமிழ் குறைவாக இருக்கும்போதே குரல் கரகரக்கலாம். அப்போது டேப்லெட்டை நாலு படி இறக்குங்கள்.

ஐபேடில் மாற்றிவிட வேண்டியவை சில. அடாப்டரில் மாட்டியது ஆம்ப் என்று ஐபேடுக்குத் தெரியாது. ஹெட்போன் என்றே நினைக்கும். அதனால் செட்டிங்ஸ், சவுண்ட்ஸ், ஹெட்போன் சேஃப்டி என்று போய் உரத்த ஒலியைக் குறைக்கும் வசதியை அணையுங்கள். இல்லாவிட்டால் காதைக் காப்பாற்றுகிறேன் என்று ஆம்புக்குப் போகும் ஒலியைக் குறைக்கும். அக்சசிபிலிட்டியில் மோனோ ஆடியோ அணைந்திருக்கிறதா, இடது வலது சமன் நடுவில் இருக்கிறதா என்று ஒரு பார்வை. மியூசிக் செட்டிங்ஸில் ஈக்வலைசர் வேண்டாம், ஆடியோ குவாலிட்டியில் லாஸ்லெஸ்ஸை இயக்குங்கள். முக்கியமாக, டூ நாட் டிஸ்டர்ப். முழு வால்யூமில் இருக்கும் டேப்லெட்டுக்கு வரும் ஒரு வாட்ஸ்அப் மணி, ஐம்பது வாட் ஆம்ப் வழியாக வந்தால் வீட்டில் தூங்குகிற குழந்தை எழுந்துவிடும்.

ஆண்ட்ராய்டில் சத்தம் ஏன் குறைகிறது

ஆப்பிள் அடாப்டரின் சிப்புக்குள் தனி வால்யூம் கட்டுப்பாடு ஒன்று இருக்கிறது. செருகியதும் அது தாழ்ந்த நிலையில் தொடங்குகிறது. ஐபேட், மேக், விண்டோஸ் இவை அதோடு பேசி அதை ஏற்றிக்கொள்கின்றன. பல ஆண்ட்ராய்டு கருவிகள் அதைத் தொடுவதே இல்லை. தங்கள் பக்கத்து வால்யூமை மட்டும் ஏற்றி இறக்குகின்றன. திரையில் நூறு சதவீதம் காட்டும், ஆனால் வெளியே வருவது உரிய வோல்ட்டில் பாதிகூட இருக்காது. ‘ஆப்பிள் அடாப்டர் சாம்சங்கில் சத்தமே இல்லை’ என்று கடைத்தளங்களில் ஒற்றை நட்சத்திரம் கொடுத்துப் போகிறவர்களில் பலர் இதில் சிக்கியவர்கள். பொருள் பழுதில்லை, இரண்டும் பேசிக்கொள்ளவில்லை.

வழி இரண்டு. யூஎஸ்பி ஆடியோ பிளேயர் ப்ரோ என்ற கட்டணச் செயலி, ஆண்ட்ராய்டின் ஒலி அமைப்பை ஒதுக்கிவிட்டுத் தானே அடாப்டரோடு நேராகப் பேசும். அதில் ஹார்ட்வேர் வால்யூமை இயக்கி மேலே ஏற்றினால் முழு 1 வோல்ட்டும் வந்துவிடும். செருகும்போது ‘இந்தக் கருவியை அணுக அனுமதிக்கலாமா’ என்று கேட்கும். சரி என்று சொல்ல வேண்டும். ஆனால் இது அந்தச் செயலியில் ஓடும் பாட்டுக்கு மட்டும்: டேப்லெட்டில் சேமித்த கோப்புகள், வீட்டு நெட்வொர்க்கில் உள்ளவை, டைடல், கோபஸ் என்ற இணையச் சேவைகளின் பாட்டுகள். யூடியூபுக்கோ மற்றச் செயலிகளுக்கோ பலன் இல்லை.

இரண்டாவது வழி, ஆம்பின் குமிழைக் கூட்டிக்கொண்டு பேசாமல் இருப்பது. ஆம்பிடம் மிச்சத் திறன் இருக்கும் என்பதால் இது பெரும்பாலும் நடக்கும். ஒரே ஒரு ஆபத்து: டேப்லெட்டுக்காகக் குமிழைக் கடிகார முள்ளின் மூன்று மணி நிலைக்கு ஏற்றிவிட்டு, அப்படியே சிடிக்கோ டிவிக்கோ மாற்றினால் வரும் இடி. மாற்றுவதற்கு முன் குமிழை இறக்கும் பழக்கம் வீட்டில் எல்லோருக்கும் இருக்க வேண்டும். அது நடக்காத காரியம் என்று தோன்றினால் ஆண்ட்ராய்டுக்கு ஆப்பிள் அடாப்டரை வாங்காதீர்கள். சாம்சங்கே விற்கும் டிஏசி அடாப்டரில் இந்தத் தொல்லை இல்லை. விலையும் பெரிய வித்தியாசம் இல்லை.

ஆண்ட்ராய்டில் இன்னும் சில இடங்கள். ஒப்போ, ரியல்மி, ஒன்பிளஸ் வகைக் கருவிகளில் யூஎஸ்பியில் செருகும் கருவிகளை இயக்கும் ஓடிஜி என்ற சுவிட்ச் செட்டிங்ஸில் தனியாக இருக்கலாம். அது அணைந்திருந்தால் எந்த அடாப்டரும் உயிர்பெறாது. சிலவற்றில் பத்து நிமிடம் சும்மா இருந்தால் தானாக அணைந்தும்விடும். செட்டிங்ஸில் மறைந்திருக்கும் டெவலப்பர் ஆப்ஷன்ஸை எப்போதாவது திறந்து விளையாடியிருந்தால், யூஎஸ்பி ஆடியோவுக்கு ஒலியைத் தானாகத் திருப்புவதைத் தடுக்கும் சுவிட்ச் ஒன்று அங்கே இருக்கிறது. அது இயங்கினால் அடாப்டர் செருகியிருந்தும் பாட்டு டேப்லெட் ஸ்பீக்கரிலேயே வரும். டால்பி அட்மாஸ் விளைவை, ஆம்பில் கேட்கும்போது அணைத்துவிடுங்கள். சின்ன ஸ்பீக்கரைப் பெரிதாகக் காட்டச் செய்த ஒப்பனை அது. பெரிய ஸ்பீக்கரில் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகும்.

ஆண்ட்ராய்டு பொதுவாக எல்லா ஒலியையும் 48 கிலோஹெர்ட்ஸுக்கு மாற்றித்தான் வெளியே விடும் என்ற பழைய புகாருக்கு ஆண்ட்ராய்டு 14இல் வழி திறந்தார்கள். செயலி கேட்டால் யூஎஸ்பி கருவிக்கு மாற்றமில்லாமல் அனுப்பலாம். இந்த அடாப்டருக்கு அது அவ்வளவு பொருட்டில்லை.

சார்ஜரைச் செருகியதும் வரும் ரீங்காரம்

டேப்லெட்டை ஆம்போடு இணைப்பவர்களிடமிருந்து அதிகம் வரும் கேள்வி இதுதான். பாட்டு சுத்தமாக ஓடிக்கொண்டிருக்கும். பேட்டரி குறைகிறதே என்று சார்ஜர் போட்டதும் ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்று ஒரு ஹம் ஏறும். கூடவே கொசு மாதிரி மெல்லிய கீச்சு, திரையைத் தொட்டால் அந்தக் கீச்சு மாறும்.

சார்ஜில் இருக்கும் உலோக உடம்பு டேப்லெட்டின் முதுகில் விரலை மெல்ல ஓட்டினால் விறுவிறு என்று இருக்குமே, அதைச் செய்வதும் இதைச் செய்வதும் ஒரே ஆள்தான். இரண்டு முள் சார்ஜருக்கு எர்த் கிடையாது. அதற்குள் உயர் மின்பக்கத்தையும் யூஎஸ்பி பக்கத்தையும் இணைக்கும் சிறு கெபாசிட்டர் ஒன்று, இரைச்சல் அடக்குவதற்காக, இருக்கும். அதன் வழியே மிகச் சிறிய 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டம் கசியும். உங்கள் ஆம்ப் மூன்று முள் பிளக் மூலமோ, அதோடு இணைந்த கேபிள் டிவி பெட்டியின் ஒயர் மூலமோ எர்த்தோடு தொடர்பில் இருக்கும். கசிந்த மின்னோட்டம் எர்த்தைத் தேடி ஆடியோ கேபிளின் தரைக் கம்பி வழியாகவே ஓடுகிறது. அந்தக் கம்பியில் விழும் மிகச் சிறிய வோல்ட்டையும் ஆம்ப் பாட்டென்றே எண்ணிப் பெருக்கிவிடுகிறது. அடாப்டரை மாற்றினால் இது போகாது. விலை உயர்ந்த கேபிளாலும் அநேகமாகப் போகாது.

முதல் மருந்து இலவசம்: கேட்கும்போது சார்ஜ் போடாதீர்கள். ஐபேட் திரையோடு 10 மணி நேரம் வரை தாங்கும் என்று ஆப்பிள் சொல்கிறது. திரையை அணைத்துப் பாட்டு மட்டும் என்றால் இன்னும் இழுக்கும். இந்த அடாப்டரே துளையை அடைத்துக்கொள்வதால் கூடவே சார்ஜ் செய்ய முடியாது என்பதைக் குறையாகச் சொல்வார்கள். ஹம் பக்கத்திலிருந்து பார்த்தால் அது வரம்.

கூடவே சார்ஜ் ஆக வேண்டும், சமையலறையில் நாள் முழுக்க ஓட வேண்டும் என்றால் சார்ஜ் துளையும் ஹெட்போன் துளையும் சேர்ந்த அடாப்டர் வேண்டும். பெல்கின் ராக்ஸ்டார் அந்த வகை. அதை வாங்கினால் ஹம்மையும் சேர்த்து எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். சார்ஜரையும் ஆம்பையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகிப் பாருங்கள்; பிறகு வேறு சார்ஜர் மாற்றிப் பாருங்கள். போகவில்லை என்றால் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்ற சின்னப் பெட்டி சில நூறு ரூபாயில் கிடைக்கும். உள்ளே சேனலுக்கு ஒன்றாக இரண்டு குட்டி டிரான்ஸ்ஃபார்மர். பாட்டைக் காந்தம் வழியாகக் கடத்திவிட்டுத் தரைக் கம்பியை அறுத்துவிடும். ஹம் சட்டென்று நின்றுவிடும். விலையாகக் கொஞ்சம் பேஸ் போகும். மலிவான பெட்டிகளில் இரும்பு மிகச் சிறியது. உரத்த கீழ் அலைகளை அது தாங்காமல் மிருதங்கத்தின் தொப்பி ‘தொம்’ என்பதற்குப் பதில் ‘தப்’ என்று விழும். ஐசொலேட்டர் போட்டால் மட்டும் டேப்லெட் வால்யூமைப் பாதியில் வையுங்கள். முன்பு சொன்ன முழு வால்யூம் விதி இங்கே பொருந்தாது.

ஆம்பின் எர்த் முள்ளை வெட்டினால் ஹம் போகும் என்று சொல்லும் எலெக்ட்ரீஷியன்கள் இருக்கிறார்கள். போகும்தான். ஆம்புக்குள் ஒரு கம்பி விட்டு உடம்பைத் தொட்டால், அதைத் தொடுகிற ஆளும் போகலாம். வேண்டாம்.

எங்கே இது உதவாது

நவீன சவுண்ட்பார்களில் பலவற்றில் ஆக்ஸ் துளையே இல்லை. ஆப்டிகலும் ஹெச்டிஎம்ஐ ஏஆர்சியும் மட்டும். அங்கே இந்த அடாப்டருக்கு வேலை இல்லை. ஹெச்டிஎம்ஐ அடாப்டர் வாங்கி ஏஆர்சி துளையில் செருகலாம் என்று பலர் பணத்தை விடுகிறார்கள். ஏஆர்சி துளை டிவியிடமிருந்து எதிர்த்திசையில் ஒலி வாங்குவதற்கானது. டேப்லெட்டைச் செருகினால் மௌனம்தான். சவுண்ட்பாரில் ‘ஹெச்டிஎம்ஐ இன்’ என்று தனித் துளை இருந்தால் மட்டும் வரும். இல்லாவிட்டால் டேப்லெட்டின் ஹெச்டிஎம்ஐயை டிவியில் கொடுத்து, டிவியின் ஏஆர்சி வழியே சவுண்ட்பாருக்கு எடுங்கள்.

அப்படியானால் புளூடூத் எதற்குக் குறைச்சல்? வசதிக்குக் குறைச்சலே இல்லை. ஐபேட் எஸ்பிசி, ஏஏசி என்ற இரண்டு சுருக்க முறைகளில்தான் ஒலியை அனுப்பும், இரண்டுமே சுருக்கியவை. ஆண்ட்ராய்டு 8.0 முதல் எல்டாக் என்ற முறையும் உண்டு, நொடிக்கு 990 கிலோபிட் வரை. வாங்கும் பக்கமும் எல்டாக் தெரிந்திருக்க வேண்டும். பின்னணியில் ஓடும் பாட்டுக்கு எதுவும் போதும். கீபோர்டு செயலியில் வாசிப்பவருக்கோ சுருதிப்பெட்டியோடு தாளம் போடுகிறவருக்கோ புளூடூத்தின் தாமதம் உதவாது; தட்டிய பிறகு ஒலி வரும். அங்கே ஒயர்தான் கதி.

பஜனை மடத்திலோ கல்யாண மண்டபத்திலோ மைக்செட் ஆம்பில் கொடுக்கும்போது ஒரு எச்சரிக்கை. அவை மோனோ. ஒரு ஆர்சிஏ பின்னை மட்டும் செருகினால் பாட்டில் பாதி வாத்தியம் காணாமல் போகும். இரண்டு சேனலையும் சும்மா முறுக்கிச் சேர்த்தால், 1 ஓமுக்குக் கீழான இரண்டு வெளியீடுகள் ஒன்றையொன்று தள்ளி ஒலி சிதையும். ஒவ்வொரு சேனலிலும் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடரில் வைத்து, அதன் பிறகு சேருங்கள். இரண்டு ரூபாய் வேலை. மிக்சரின் 6.3 மி.மீ. பேலன்ஸ்டு துளையில் ஸ்டீரியோ பின்னை நேராகச் செருகினால் இன்னும் வேடிக்கை: மிக்சர் இடதிலிருந்து வலதைக் கழிக்கும், நடுவில் நிற்கும் பாடகரின் குரல் மாயமாகும், எதிரொலியும் ஓரத்து வாத்தியங்களும் மட்டும் கேட்கும். டேப்லெட் கெட்டுவிட்டது என்று அவசரத்தில் போனைத் தேடுவார்கள். அதிலும் அதேதான் நடக்கும்.

சரி, எப்போது இதைத் தாண்டிப் போகலாம்? ஹம் தீரவே இல்லை, ஆம்பில் ஆப்டிகல் துளை இருக்கிறது என்றால். டாப்பிங் டி10எஸ் போன்ற சிறு டிஏசி யூஎஸ்பியிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும், முதுகில் 2 வோல்ட் தரும் ஆர்சிஏவோடு ஆப்டிகல், கோஆக்சியல் வெளியீடும் உண்டு. ஆப்டிகலில் போவது வெளிச்சம். கம்பி இல்லாததால் தரைச் சுற்றும் இல்லை, ஹம்மும் இல்லை. யூஎஸ்பி-சியிலிருந்து யூஎஸ்பி-பி கேபிள் தனியாக வாங்க வேண்டும். லைட்னிங் ஐபேடில் இதைச் செருகினால் ‘அதிக மின்சாரம் எடுக்கிறது’ என்று மறுக்க வாய்ப்புண்டு; சார்ஜ் துளை உள்ள யூஎஸ்பி 3 கேமரா அடாப்டரில் சார்ஜரையும் செருகித்தான் சமாளிக்க முடியும். ஹம் இல்லாதவர், யூடியூபில் பழைய கச்சேரி கேட்பவர், வெறும் ‘தரம்’ கூடும் என்று இதற்குப் போனால் ஏமாற்றம்தான். யூடியூபின் ஒலியே நொடிக்கு 128, 160 கிலோபிட் அளவுக்குச் சுருக்கியது. அந்தப் பணத்தை ஸ்பீக்கரில் போட்டால் முதல் பாட்டிலேயே தெரியும்.

இந்த அடாப்டரின் உண்மையான பலவீனம் ஒயர். மெல்லியது, பிளக்கின் கழுத்தில்தான் விடும். சுவரில் மாட்டிய டேப்லெட்டிலிருந்து கனமான ஆர்சிஏ கேபிளை இதில் தொங்கவிட்டால் சில மாதத்தில் ஒரு பக்கம் ஒலி விட்டுவிட்டு வரும். டேப்லெட் ஸ்டாண்டின் காலோடு ஆடியோ கேபிளை ஒரு டேக் போட்டுக் கட்டி, அடாப்டர் ஒயர் தளர்வாக வளைந்திருக்கும்படி விடுங்கள். போலிகள் நிறைய உலவுவதால் ஆப்பிள் கடையிலோ அங்கீகரித்த விற்பனையாளரிடமோ மட்டும் வாங்குங்கள்.

வாங்கிய அன்றே, திருப்பிக் கொடுக்கும் நாள் முடிவதற்குள், மூன்று சோதனை. இடது வலது சோதனை ஒலி ஒன்றை ஓட்டி, சிவப்பு பின் வலதில்தான் பேசுகிறதா என்று பாருங்கள். சுருதிப்பெட்டிச் செயலியில் தம்புராவை மட்டும் ஓட்டி, ஆம்பை வழக்கத்தைவிட ஏற்றி, பின் பாட்டை நிறுத்தி ஸ்பீக்கர் அருகே காதை வையுங்கள். மெல்லிய ‘ஸ்ஸ்’ தவிர வேறு எதுவும் கேட்கக் கூடாது. பிறகு பாட்டு ஓடும்போதே அடாப்டரின் இரண்டு கழுத்தையும் விரலால் மெல்ல அசையுங்கள். கரகரப்பு வந்தால் அன்றே மாற்றிக்கொள்ளுங்கள்.